இருபத்துநாலு வந்த வழி

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரே சமையலறையில் புழங்கினால், சர்க்கரை டப்பாவுக்குக்கூடத் தூது போக ஆள் வேண்டியிருக்கிறது. இந்த வாரம் முழுக்க அந்த வேலை பெரிய டீச்சரின் மகள் தலையில் விழுந்திருந்தது.

"அம்மா, சர்க்கரை எங்கேன்னு சித்தி கேக்கறாங்க."

"வழக்கமா இருக்கற இடத்துலதான் இருக்குன்னு சொல்லு."

"சித்தி, வழக்கமா..."

"காதுல விழுந்துச்சு. எடுத்துக்கிட்டேன்னு சொல்லிடு."

"அம்மா, எடுத்துக்கிட்டாங்களாம். நான் போய்க் குளிக்கலாமா? இல்ல, இன்னும் யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

அடுப்பின் முன்னால் மூத்தவள், தொட்டிக் குழாயின் முன்னால் இளையவள். இரண்டு முதுகுகளுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி. ஆனால் கப்பலே போகலாம், அவ்வளவு தூரம்.

மூத்தவள் கணக்கு ஆசிரியை. இளையவள் அவளுடைய கொழுந்தன் மனைவி. அதே பள்ளியில் இந்த வருஷம்தான் மொழி ஆசிரியையாகச் சேர்ந்தாள். பெரிய டீச்சர், சின்ன டீச்சர் என்று பிள்ளைகள் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கொழுந்தன் கப்பலில் இயந்திரம் பார்ப்பவன். வீட்டில் இருப்பதைவிடத் தண்ணீரில் இருப்பதுதான் அதிகம். அதனால் இந்த ஓரகத்திகள் இருவரும்தான் ஒருவருக்கொருவர் பேச்சுத்துணை. போன வாரம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

போன வாரம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் கூடி, அவரவர் வகுப்பில் பலித்த யோசனைகளைப் பகிர்ந்துகொள்ளும் நாள் ஒன்று வருகிறது, அதில் பேச உங்கள் பெயரைக் கொடுத்தாயிற்று என்று தலைமையாசிரியை பெரிய டீச்சரிடம் சொன்னார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே சின்ன டீச்சரைக் கைகாட்டினார்.

பெரிய டீச்சர் பிள்ளைகள் முன்னால் சிங்கம். பெரியவர்கள் நாலு பேர் முன்னால் நிறுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர் கூட்டத்தில் வருகைப் பதிவை வாசிக்கச் சொன்னால்கூட வியர்த்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. முக்கியமாக, சின்னவளுக்கு.

"என்னை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சு வேடிக்கை பார்க்கணும்னு எத்தனை நாளாக் காத்திருந்தே?" என்று அன்று மாலை தொட்டியில் பாத்திரத்தைப் போட்டபடி மூத்தவள் கேட்டாள். பாத்திரம் கொஞ்சம் ஓங்கியே விழுந்தது. இளையவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குச் சாத்திய கதவுதான். இன்றைக்கு அந்த நாள் வந்தே விட்டது.

---

வீட்டுக்குக் கீழே பெரிய டீச்சரின் கணவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. கடை திறக்கும் முன்னால் மேடையில் பேச வேண்டியதை ஒரு தடவை பேசிப் பார்த்துவிடலாம் என்று அவள் இறங்கி வந்தாள். மூன்று சுவரிலும் கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. கண்ணில்லாத அத்தனை கண்ணாடிகளும் அவளையே பார்த்தன.

"வணக்கம்," என்றாள். அதற்குமேல் வரவில்லை.

"நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்கே," என்றார் கணவர், மேசையைத் துடைத்துக்கொண்டே. "மேலே போ."

"என்னங்க, இந்தக் கண்ணாடியெல்லாம் பார்த்தாலே பேச வந்தது மறந்துடுது. அங்க இதுக்குப் பின்னாடி நிஜக் கண்ணு வேற இருக்கும்."

அவர் துணியை வைத்துவிட்டு யோசித்தார். "உனக்குத் தூரத்துலதானே மங்கல்? அப்ப ஒண்ணு செய். மேடைக்குப் போனதும் கண்ணாடியைக் கழட்டிடு. எதிர்ல இருக்கறது எல்லாம் கஞ்சித்தண்ணி மாதிரிதான் தெரியும். யாரு மொறைக்கிறாங்க, யாரு கொட்டாவி விடறாங்கன்னு ஒண்ணும் தெரியாது."

"கண்ணாடி விக்கிறவர் சொல்ற யோசனையா இது?"

"வெளியில சொல்லிடாதே. வியாபாரம் படுத்துடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும் அது நின்றுவிட்டது. சின்னவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு கெட்டவ இல்லம்மா," என்றார் கணவர்.

"நான் கெட்டவன்னு சொன்னேனா? கேக்காம என் பேரைக் கொடுத்தான்னுதான் சொன்னேன்."

"ஏன் கொடுத்தான்னு கேட்டியா?"

"அதை வேற கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அவளும் இறங்கி நடந்தாள். பேருந்தில் இருவருக்கும் நடுவே ஐந்தாறு பேர் நின்றார்கள். பயணம் முழுக்க அது இருவருக்குமே வசதியாக இருந்தது.

---

கூட்டம் நடந்த இடம் வேறொரு பள்ளியின் பெரிய கூடம். காற்றாடிகள் சுற்றின, காற்று மட்டும் கீழே இறங்கவில்லை. ஆசிரியர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வகுப்பில் எதையெல்லாம் செய்யாதே என்று பிள்ளைகளை அதட்டுவார்களோ அதையெல்லாம் அங்கே செய்வார்கள். கடைசி வரிசைதான் முதலில் நிறைந்தது. பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பேனா கொண்டு வராதவர்கள் கடன் கேட்டார்கள். ஒருவர் விடைத்தாளே திருத்திக்கொண்டிருந்தார்.

முதலில் பேசிய ஓவிய ஆசிரியை, தூரிகை வாங்க முடியாத பள்ளியில் பழைய பல்துலக்கியால் இலை வரைவது எப்படி என்று செய்து காட்டினார். அடுத்து ஒருவர், காலையில் வகுப்பு அடங்க மறுக்கும்போது தான் குரலை உயர்த்தாமல் தாழ்த்தியே பேசுவதைப் பற்றிச் சொன்னார். ஆனால் அவர் தாழ்த்திப் பேசியதால் பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரிய டீச்சருக்குக் காது அடைத்துப்போயிருந்தது. தன் பெயரைக் கூப்பிட்டதே பக்கத்தில் இருந்த தலைமையாசிரியை இடித்த பிறகுதான் தெரிந்தது.

மேடையில் ஏறினாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கூடம் முழுவதும் கலைந்த வண்ணமாக மாறியது. கணவர் சொன்னது சரிதான். ஒரு முகமும் தெரியவில்லை.

"வணக்கம்."

மறுபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. இருமலும் நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன. முகம் தெரியாவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தாளே, இப்போது எல்லா முகமும் முறைப்பதாகத் தோன்றியது. கை தானாகப் பின்னால் போனது. அங்கே கரும்பலகை இருந்தது. அதன் ஓரத்தில் சுண்ணக்கட்டி விரலில் பட்டது.

சுண்ணக்கட்டி கைக்கு வந்ததும் உடம்பு பழைய உடம்பாயிற்று. திரும்பி, பலகையின் நடுவில் பெரிதாக எழுதினாள்: 24.

"இன்னைக்கு நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காரு. பேரு இருபத்துநாலு," என்றாள். வகுப்பில் சொல்லும் அதே குரல். "எந்த வழியா வந்தாருன்னு தெரியல. தெரிஞ்சவங்க வந்து எழுதுங்க."

அவள் பாடமே அவ்வளவுதான். கேள்வியைக் கொடுத்து விடையைக் கேட்பதற்குப் பதிலாக, விடையை முதலிலேயே கொடுத்துவிடுவாள். அதற்கு எப்படி வந்து சேரலாம் என்று பிள்ளைகள் வழி சொல்ல வேண்டும். கணக்கு என்றால் மேசைக்கடியில் ஒளியும் பிள்ளைகூட இருபதும் நாலும் என்று எழுதிவிடும். சுட்டிப் பிள்ளை ஊரைச் சுற்றிக்கொண்டு வரும்.

கூடத்தில் யாரும் எழவில்லை. பிறகு ஒரு நாற்காலி நகர்ந்தது. விளையாட்டு ஆசிரியர் ஒருவர் வந்து 'ஒரு முழு நாள்' என்று எழுதிவிட்டு, கைதட்டலை எதிர்பார்த்து நின்றார். கிடைத்தது. ஓவிய ஆசிரியை இரண்டு டஜன் முட்டை வரைந்தார். அதற்கப்புறம் வரிசை கட்டி வந்தார்கள். சுண்ணக்கட்டியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கினார்கள்.

அந்தச் சந்தடியில் ஒரு கனத்த குரல் எழுந்தது. "எல்லாம் சரிங்க டீச்சர். இப்படி விருந்து வெச்சுக்கிட்டே இருந்தா போர்ஷனை எப்ப முடிக்கிறது?"

சிரிப்பு அலையாகப் பரவியது. கேட்டவர் வேறு பள்ளியின் வேதியியல் ஆசிரியர் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளைச் சட்டையாக ஒரு மங்கல்.

"முதல்ல நீங்களும் ஒரு வழி எழுதிடுங்க சார். அப்புறம் சொல்றேன்."

அவர் வந்தார். சாதாரண வழியில் போவாரா அவர்? பெரிய எழுத்தில் எழுதினார்: 100 − 18 × 4. எழுதிவிட்டு கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார். முன்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அது இன்னொருவரைத் தொற்றியது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். பலகையைத் திரும்பப் பார்த்தார்.

அந்த இடத்தில் பெரிய டீச்சர் யோசிக்கவில்லை. வகுப்பில் தினமும் செய்வதைச் செய்தாள். அந்தக் கணக்கை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வரைந்து, உள்ளே 28 என்று எழுதினாள்.

"வழியில தப்பே இல்ல சார். நேரா இருபத்தெட்டு வீட்டுக்குப் போகுது. இருபத்தெட்டு, கதவைத் திறங்க, ஆள் வந்திருக்காரு! நம்ம வகுப்புல தப்பான கணக்குன்னு ஒண்ணு கிடையாது. வேற வீட்டுக்குப் போன கணக்குதான் உண்டு. யார் வீட்டுக்குப் போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டா, திரும்பி வர்ற வழியும் தெரிஞ்சுடும்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆனால் இந்தச் சிரிப்பு முந்தையது போல இல்லை. வேதியியல் ஆசிரியரே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "பதினெட்டைப் பத்தொன்பதா நினைச்சுட்டேன்மா," என்று சொல்லி, தானே திருத்தினார்.

"போர்ஷனைக் கேட்டீங்களே சார்," என்றாள் அவள். "வாரத்துல ஒரு வகுப்பு இதுக்குப் போகுது. நிஜம்தான். ஆனா பிள்ளைங்க கை தூக்கக் கத்துக்கிட்டா, மத்த வகுப்புல நேரம் மிச்சமாகுது. எல்லா வருஷமும் மிச்சமாச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவர் உட்காரவில்லை. குரலில் இப்போது கேலி இல்லை. "சரிம்மா, இன்னொண்ணு கேக்கறேன். என் வகுப்புல நெரிசல் ஜாஸ்தி. ஓடிவந்து பலகையை நிரப்பிடறது நாலு சுட்டிப் பசங்க. மத்ததுங்க அதைப் பார்த்து எழுதிட்டு உக்காந்துடும். அதுக்கு என்ன பண்றீங்க?"

இரண்டு வருஷமாக அவளைக் குடைகிற கேள்வி அதுதான்.

"அது எனக்கும் தெரியல சார்," என்றாள்.

நூறு பேர் முன்னால் தெரியாது என்று சொல்லியாயிற்று. பூமி பிளக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. முகம் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வாரமாக 'அம்மாகிட்ட சொல்லு' என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல்.

"சொல்லு," என்றாள் பெரிய டீச்சர். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. ஒலிபெருக்கியில்.

"நான் மொழி டீச்சர். எனக்கு எண்ணு கிடையாது. அதனால ஒரு வாக்கியத்தை விருந்தாளியாக் கூப்பிடுவேன். 'அப்புறம் மழை நின்னுடுச்சு' அப்படின்னு எழுதிடுவேன். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பிள்ளைங்க வழி சொல்லணும். என் வகுப்புலயும் அந்த நாலு பேர் இருந்தாங்க. அவங்களைக் கூப்பிட்டு, நீங்கதான் இனிமே வாசல்காரங்கன்னு சொல்லிட்டேன். வாசல்காரங்க வழி எழுதக் கூடாது. சரி, தப்புன்னும் சொல்லக் கூடாது. வர்றவங்களை ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். வழி மாறிப் போனவங்களைக் கையைப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வரணும். இப்ப அந்த வேலைக்குப் போட்டி. மெதுவா எழுதற பிள்ளைங்களுக்கு நிதானமா எழுத நேரமும் கிடைக்குது."

பேனாக்கள் காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர்கூட எழுதினார்.

பெரிய டீச்சருக்கு முதலில் நெஞ்சில் சுருக்கென்றது. என் பாடம். என்னைக் கேட்காமல், என் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துப் புழங்குவது போல, இவள் எப்போதிலிருந்து? அந்தச் சுருக்குக்குப் பின்னாலேயே இன்னொன்று ஓடி வந்தது. இரண்டு வருஷமாக எனக்கு அகப்படாதது இவளுக்கு அகப்பட்டுவிட்டதே! வாசல்காரர்கள்! திங்கட்கிழமை முதல் வகுப்பிலேயே செய்து பார்த்துவிட வேண்டும். யார் யாரை நிறுத்துவது என்று மனம் அதற்குள் ஆள் பொறுக்க ஆரம்பித்துவிட்டது.

"வாசல்காரங்க ஒரே கேள்விதான் கேக்கணுமா?" என்று அவள் மேடையிலிருந்து கேட்டாள்.

"ஆமாக்கா. ரெண்டு விட்டா விசாரணை ஆயிடுது."

கூடம் சிரித்தது. அந்த அக்கா என்ற ஒரு சொல்லில் இருவரும் உறவு என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

---

தேநீர் இடைவேளையில் அவளைச் சுற்றி ஒரு கும்பல். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதையே அவள் கவனிக்கவில்லை. கும்பல் கலைந்ததும் தலைமையாசிரியை தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்தார்.

"பார்த்தீங்களா? இதுக்குத்தான் அவ அன்னைக்கு அப்படி அடம் பிடிச்சா."

"யாரு?"

"உங்க சின்ன டீச்சர்தான். அவ வகுப்புல இதைப் பார்த்துட்டு, புதுசா இருக்கே, நீயே போய்ப் பேசும்மான்னு நான்தான் சொன்னேன். இது எங்க அக்காவோடது, நான் பேசினா திருட்டு, அவங்க பேரை எழுதுங்கன்னு நின்னுட்டா. உங்ககிட்ட சொல்லலையா?"

பெரிய டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

சின்னவள் தாழ்வாரத்தின் கோடியில், கை கழுவும் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கழுவ வேண்டிய கை எப்போதோ கழுவியாகிவிட்டது.

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா. பாத்திரத்தைத்தானே போட்டீங்க."

மூத்தவள் குழாயை மூடினாள். "எப்ப எடுத்தே, என் விருந்தாளியை?"

"பள்ளிக்கூடம் திறந்த புதுசுல. என் வகுப்பு என்னை மதிக்கவே இல்ல. நான் பேசப் பேச அதுங்களும் பேசும். ஒருநாள் அழுதுடுவேனோன்னு வெளியில வந்துட்டேன். உங்க வகுப்புல ஒரே கலகலப்பு. ஜன்னல் ஓரமா நின்னு கேட்டேன். மறுநாளும் நின்னேன். வீட்டுல உங்ககிட்டயே கேட்டிருக்கலாம். ஆனா வேலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள என்னால முடியலன்னு எப்படிக்கா உங்ககிட்டயே சொல்றது?"

மன்னிப்புக் கேட்பது பெரிய டீச்சருக்குப் பழக்கமில்லாத கலை. புடவைத் தலைப்பை நீட்டினாள். "கையைத் துடை. ஈரத்தோட நிக்காதே," என்றாள்.

சின்னவள் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டு மொழியில் அது போதும்.

---

விஷயம் அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையும் முடிந்திருக்கும். கூட்டம் கலையும் நேரத்தில் ஆசிரியர் பயிற்சி மையத்திலிருந்து வந்திருந்த அம்மையார் இருவரையும் கைகாட்டி நிறுத்தினார். நரைத்த தலை, வேகமான பேச்சு.

"அடுத்த பருவம் முழுக்க நாங்க பள்ளி பள்ளியாப் போறோம். ஆசிரியர்களுக்கு இந்த மாதிரி செஞ்சு காட்டறதுக்கு ஆள் வேணும். வார நாள்ல எல்லாம் வெளியூர்தான். சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம். உங்கள்ல ஒருத்தர் வந்தாப் போதும்."

"ஒருத்தரைத்தான் விடவும் முடியும்," என்றார் தலைமையாசிரியை அவசரமாக. "ரெண்டு பேரையும் அனுப்பிட்டு நான் யாரை வெச்சு வகுப்பு நடத்தறது? ரெண்டு பேரும் வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு, திங்கட்கிழமை ஒரு பேர் சொல்லுங்க."

திரும்பும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஜன்னல் பக்கம் யார் உட்காருவது என்பதிலேயே உபசாரம் ஆரம்பித்துவிட்டது.

"நீங்கதான்க்கா போகணும்," என்றாள் சின்னவள். "யோசனையே உங்களோடது."

"வாசல்காரங்க உன்னோடது. நீ போ. சின்ன வயசு, அலையலாம்."

"வீட்டை நான் பார்த்துக்கறேன். மாமாவுக்கும் பாப்பாவுக்கும் ஒரு குறையும் வராது. நீங்க போங்க."

"கொழுந்தனார் ஊர்ல இல்லாத நேரம் உனக்கும் பொழுது போகும். நீயே போ."

விட்டுக்கொடுப்பதில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை 'நீ போ' என்று சொல்லி முடித்ததும் பெரிய டீச்சரின் நெஞ்சு ஒரு நொடி நின்றது. 'சரிக்கா, இவ்வளவு சொல்றீங்களே' என்று இவள் ஒத்துக்கொண்டுவிட்டால்? ஒவ்வொரு தடவையும் சின்னவள் மறுத்தாள். ஒவ்வொரு தடவையும் மூத்தவளுக்கு மூச்சு திரும்ப வந்தது.

அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. காலையில் மேடையே வேண்டாம் என்றிருந்தவளுக்கு, இப்போது அந்த மேடை வேண்டும். ஊர் ஊராகப் போய், தெரியாத கூடத்தில், தெரியாத பலகையில் ஓர் எண்ணை எழுத வேண்டும். முதல் நாற்காலி நகரும் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவள் நினைத்ததாக அவளுக்கு நினைவில்லை. அது இப்படிப் பேருந்தில், பாத்திரக்கடை விளம்பரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதா வர வேண்டும்?

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. இருவரும் ஒன்றாகப் பேசிக்கொண்டே படியேறி வரும் சத்தம் கேட்டு, கணவர் கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்துவிட்டார். பெரிய டீச்சர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். வேதியியல் ஆசிரியர், இருபத்தெட்டு வீடு, வாசல்காரர்கள், பயிற்சி மையம். நடுநடுவே சின்னவள் எடுத்துக்கொடுத்தாள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து தன் மனைவி இவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் பேசி அவர் பார்த்ததில்லை.

"அடேயப்பா!" என்றார். "அப்ப ஒருத்தர் கிளம்பறீங்க. ஒருத்தர்தானே?"

"ஒருத்தர்தான்."

"சரி, யாரு?"

பேருந்தில் அத்தனை தடவை சொல்லிப் பழகிய பதில் இருவர் நாக்கிலும் தயாராகத்தான் இருந்தது.

"நான்," என்றாள் பெரிய டீச்சர்.

"நான்," என்றாள் சின்ன டீச்சர்.

ஒரே நேரத்தில்.

கணவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு கீழே கடையில் யாரோ கூப்பிடுவது போலக் காதைச் சாய்த்தார். யாரும் கூப்பிடவில்லை.

சின்னவளின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அறைக்கதவு அவளுக்குப் பின்னால் திறந்தே இருந்தது. அவள் அந்தப் பக்கம் நகரவும் இல்லை. பெரிய டீச்சர் அவளை நன்றாகப் பார்த்தாள். பேருந்தில் பார்த்த பணிவான ஓரகத்தி இல்லை இவள். இவளை அவளுக்கு இன்னும் கொஞ்சம் பிடித்தது.

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். எதிரே இன்னொன்றையும் போட்டாள்.

"உக்காரு," என்றாள். "இந்தச் சண்டையை நேருக்கு நேராவே போடுவோம்."